அயலானும் ஆயரின் சொல்லும்

கரமனை ஆற்றங்கரை அக்கிரகாரத் தெருக்களில் வாழும் எங்களுள் பலருடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து குடியேறியவர்கள். அக்காலத்தில் சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்களேயன்றி, ஆளை யாரென்று கேட்கவில்லை என்று என் பாட்டியார் சொல்லுவதுண்டு. ஆயினும் அக்கேள்வி பின்னர் எழாமற் போகவில்லை. 1891-ஆம் ஆண்டு ஜனவரியில், திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகங்களைப் பரதேசிப் பிராமணரே கைப்பற்றி வைத்திருக்கிறார்கள் என்று முறையிட்டு, 10,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. ‘மலையாளி மெமோரியல்’ என்று வரலாற்றில் பெயர் பெற்றது அது. நாயர், ஈழவர், கிறிஸ்தவர் எனப் பல வகுப்பாரும் அதில் சேர்ந்திருந்தனர். கத்தோலிக்கக் குருவாகிய நிதீரிக்கல் மாணிக் கத்தனாரும் அவ்வியக்கத்தில் ஈடுபட்டவரே. அந்த விண்ணப்பத்தில் கூறப்பட்ட ‘பரதேசி’கள் எங்கள் வீட்டுத் தாத்தாமார்கள்தாம். ஆகவே, வெளியிலிருந்து வந்தவனைக் குறித்து ஒரு குருவானவர் கருத்துக் கூறினால் அதற்கு எவ்வளவு கனம் உண்டு என்னும் வினா, கத்தோலிக்கன் அல்லாத எனக்கும் முற்றிலும் அயலான வினா அன்று.

இவ்வினாவை அண்மையில் என்னிடம் எழுப்பியவர் அலுவலகத்தில் என் அடுத்த மேசையில் இருக்கும் நண்பர். வலியதுறைக் கடற்கரையைச் சேர்ந்தவர். லத்தீன் முறைக் கத்தோலிக்கர். அவருடைய தங்கை அமெரிக்காவில் தாதியாகப் பணிபுரிகிறார். அங்கே அவர் செல்லும் ஆலயத்தில், அனுமதிச் சீட்டின்றி அந்நாட்டில் வாழ்வோரைக் கூட்டங்கூட்டமாக வெளியேற்றுவது தகாது என்று பங்குக்குரு பிரசங்கித்தாராம். சட்டப்படி பல ஆண்டுகள் வரிசையில் காத்திருந்து சென்ற அந்த அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. “சாரே, அச்சன் சொன்னால் விசுவாசி கேட்டே ஆகவேண்டுமோ? அது மதமோ, அரசியலோ?” என்று நண்பர் என்னைக் கேட்டார். பத்திரங்களை மொழிபெயர்ப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் நினைப்பு. தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. படித்ததை நேயர்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், குடியேற்றம் பற்றித் திருச்சபை கூறுவது யாது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் வீடிழந்து திரிந்த காலத்தில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் ‘எக்ஸ்சுல் பமிலியா’ என்னும் ஆவணத்தை வெளியிட்டார். ‘நாடிழந்த குடும்பம்’ என்பது அப்பெயரின் பொருள். குழந்தை இயேசுவுடன் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய சூசையப்பரையும் மரியம்மையையும் எல்லா அகதிகளுக்கும் முன்னுருவமாக அது காட்டுகிறது. அவர்கள் கையில் எகிப்து அரசின் அனுமதி ஏதும் இருந்ததாக வேதாகமம் கூறவில்லை. பின்னர் 1963-இல் இருபத்து மூன்றாம் அருளப்பர் எழுதிய ‘பாச்செம் இன் தேரிஸ்’ என்னும் சுற்றுமடல், நியாயமான காரணம் இருக்கும்போது வேறு நாடு சென்று குடியேறுவது மனிதனுக்குரிய உரிமை என்று தெளிவாகச் சொல்லிற்று. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலின் 2241-ஆம் பத்தி, வளம் மிகுந்த நாடுகள் தம்மால் இயன்ற அளவு அயலானை வரவேற்கக் கடமைப்பட்டவை என்கிறது. அதே பத்தியில், பொதுநன்மையின் பொருட்டு அரசுகள் குடியேறும் உரிமைக்கு நிபந்தனை விதிக்கலாம் என்றும், குடியேறியவன் தன்னை ஏற்ற நாட்டின் சட்டங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் கூறுகிறது. ஒரே பத்தியின் இரு பாதிகள் இவை. வழக்காடுவோர் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் கிழித்தெடுத்துக்கொள்ளுகிறார்கள். நண்பரின் தங்கையும் அவருடைய பங்குக்குருவும் ஒரே பக்கத்தைத்தான் படித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. பிறகு நூலையே காட்ட நேர்ந்தது.

இனி, குருமாரின் சொல்லுக்குள்ள அதிகாரம். கத்தோலிக்கர் அல்லாதார் பலரும், கத்தோலிக்கருள்ளும் சிலரும், பாப்பரசர் வாய் திறந்து சொல்வதெல்லாம் தவறாவரம் பெற்றது என்று எண்ணியிருக்கிறார்கள். இது பிழை. 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வகுத்த அவ்வரம், விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றிய ஒரு கோட்பாட்டைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக அவர் முறைப்படி வரையறுத்து அறிவிக்கும் அரிய சந்தர்ப்பத்துக்கே உரியது. அதற்கு அடுத்த படியில், பாப்பரசரும் அவரோடு ஒன்றித்த ஆயர்களும் விசுவாசம், ஒழுக்கம் பற்றி வழக்கமாகப் போதிப்பவை நிற்கின்றன. இவற்றுக்கு விசுவாசிகள் மனத்தாலும் சித்தத்தாலும் பணிவு காட்டவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கூறிற்று. இதற்கும் கீழே ஒரு படி உண்டு. பொதுக் கோட்பாட்டை இன்ன நாட்டில், இன்ன ஆண்டில், இன்ன சட்டத்துக்குப் பொருத்திப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. இதனை விவேகத் தீர்ப்பு என்று நாம் தமிழில் சொல்லலாம்.

இந்தக் கடைசிப் படியைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் அழகாக விளக்கியிருக்கிறார். அடைக்கலமாக வைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது எல்லோரும் ஒப்பும் விதி. ஆனால் பொருளுக்குரியவன் சொந்த நாட்டை எதிர்த்துப் போர் செய்வதற்காகவே அதைத் திருப்பிக் கேட்டால்? விதி மெய்தான், இந்த இடத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்தினால் தீங்காகும். பொதுவிலிருந்து தனிநிலைக்கு இறங்க இறங்க விலக்குகள் பெருகும் என்பது அவர் கண்ட உண்மை. குடியேற்றம் முழுவதும் அத்தகைய தனிநிலைகளால் ஆனது. மனிதனின் மாண்பு, குடும்பம் பிரியாமை, உயிருக்கு அஞ்சி வந்தவனைத் திருப்பி அனுப்பாமை ஆகியவை மேற்படியைச் சேர்ந்தவை. ஆண்டுக்கு எத்தனை பேரை ஏற்பது, எந்தத் தேதிக்கு முன் வந்தவர்க்கு மன்னிப்பு, எவ்வளவு அபராதம் ஆகியவை கீழ்ப்படியில் அடங்குவன.

இக்கீழ்ப்படியில் குருமாருக்குத் தனிச் சிறப்பு இல்லை என்று சங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1965-இல் நிறைவேறிய ‘கவுதியும் எத் ஸ்பெஸ்’ என்னும் ஏட்டின் 43-ஆம் பத்தி, எழும் ஒவ்வொரு சிக்கலுக்கும் ஆயத்தமான விடை தங்கள் குருமாரிடம் இருக்கும் என்று பொதுநிலையினர் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறது. நேர்மையான கிறிஸ்தவர் இருவர் ஒரே பொருளில் வேறு வேறு முடிவுக்கு வரலாம். அவ்வாறு வரும்போது திருச்சபையின் அதிகாரத்தைத் தன் பக்கத்துக்கே உரியதாக ஒருவரும் உரிமை கொண்டாடலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 227-ஆம் விதியும் இதனையே சட்டமாக்கியுள்ளது. ஒரு நாட்டு ஆயர் பேரவைக்கும் எல்லை உண்டு. 1998-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட ஆணையின்படி, பேரவையின் கோட்பாட்டு அறிக்கை ஒன்று கட்டுப்படுத்தும் போதனையாக வேண்டுமானால், ஆயர் அனைவரும் ஒருமனதாக ஏற்றிருக்கவேண்டும். அல்லது மூன்றில் இரு பங்கினர் ஏற்று உரோமையின் ஒப்புதலும் பெற்றிருக்கவேண்டும்.

இதைக் கேட்டதும் நண்பர், “அப்படியானால் அச்சன் சொன்னது வெறும் அபிப்பிராயம்தானே!” என்று எழுந்தேவிட்டார். அவரை உட்காரவைக்க நான் விழிஞ்ஞத்தை நினைவூட்டினேன். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் டிசம்பர் 6-ஆம் நாள் வரை, துறைமுகக் கட்டுமானத்தால் கடலரிப்பு மிகுந்து வீடுகள் போயின என்று திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம் போராட்டம் நடத்தியதும், மேற்றிராணியாரின் சுற்றறிக்கை கோவில்களில் வாசிக்கப்பட்டதும் இங்குள்ளோர் அறிந்தவை. அலைதடுப்புச் சுவரால் மணல் எப்பக்கம் நகருகிறது என்பது பொறியியல் வினா. அதில் ஆயருக்கு அருள்வரம் ஏதுமில்லை. ஆயினும் நண்பர் அப்பொழுது விடுப்பெடுத்துக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார்ந்தார். ‘இது மதமோ, அரசியலோ’ என்று யாரையும் கேட்கவில்லை. கடற்கரையில் இடிந்த வீடு அவருடைய சிற்றப்பனுடையது. கண்ணால் கண்டவர் சொன்னார், ஆகவே நம்பினார். அபிப்பிராயமாயினும் அருகிலிருந்து பார்த்தவனுடைய அபிப்பிராயத்துக்கு ஒரு கனம் உண்டு என்பதை மறுக்க இயலாது. கீழ்ப்படியில் சொல்லப்பட்டவற்றிலும் குறைகள் நேரலாம்; ஆனால் அவ்வாறு நேர்வதே வழக்கம் என்று கொள்ளலாகாது என்று 1990-இல் வெளிவந்த ‘தோனும் வெரித்தாத்திஸ்’ என்னும் வத்திக்கான் ஏடும் நடுநிலையில் நின்று பேசுகிறது.

அமெரிக்காவில் நடந்த விவாதம் இவ்விரு படிகளுக்கும் இடையேதான் நடந்தது. 2025 தொடக்கத்தில் துணைக் குடியரசுத் தலைவர் ஜே. டி. வான்ஸ், ‘அன்பின் வரிசை’ என்னும் பழைய கோட்பாட்டை எடுத்துக்காட்டி, முதலில் குடும்பம், பின் அண்டை வீடு, பின் சொந்த நாடு, அதன் பிறகே உலகம் என்று வாதாடினார். அவரும் கத்தோலிக்கர். பாப்பரசர் பிரான்சிஸ் 2025 பிப்ரவரி 10-ஆம் நாள் அந்நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில், குற்றவாளிகளிடமிருந்து மக்களைக் காக்க நாட்டுக்கு உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஆவணமின்மையையும் குற்றவாளித்தன்மையையும் ஒன்றாக்கும் எந்த நடவடிக்கையையும் நல்ல மனச்சாட்சி ஏற்காது என்றார். அன்பின் வரிசையை அறிய நல்ல சமாரியனின் கதையைத் தியானிக்கும்படி கூறினார். அவர் அவ்வாண்டு ஏப்ரல் 21-இல் காலமானார். நவம்பரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், நாடுகளுக்குத் தம் எல்லையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு உண்டென்பதை ஏற்று, பாகுபாடின்றிக் கூட்டமாக வெளியேற்றுவதை எதிர்த்துச் செய்தி விடுத்தனர். 216 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் 5 பேர். நண்பரின் தங்கை கேட்ட பிரசங்கம் இச்செய்தியின் எதிரொலியாக இருக்கலாம். அந்த ஐவர் கத்தோலிக்கத்தை விட்டு நீங்கியவர்கள் ஆகமாட்டார்கள். அதற்காக 216 பேரின் சொல்லைச் செய்தித்தாள் தலையங்கம் போல் ஒதுக்கிவிடவும் ஒரு விசுவாசியால் முடியாது.

இவ்விடத்தில் என் தொழிலைச் சார்ந்த ஒரு சங்கதி குறுக்கிடுகிறது. நான் மேற்கூறிய சங்க ஏட்டின் 27-ஆம் பத்தி, மனித மாண்பைக் கெடுக்கும் கொடுமைகளுள் கொலை, அடிமை வாணிகம் முதலியவற்றோடு ‘தெப்போர்த்தாசியோ’ என்பதையும் சேர்த்திருக்கிறது. 1993-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் அப்பட்டியலை எடுத்தாண்டு, எச்சூழ்நிலையிலும் தீயவையான செயல்களுக்கு அவற்றை எடுத்துக்காட்டுகளாக வைத்தார். அவ்வாறானால் ஒருவனை அவன் நாட்டுக்குத் திருப்பியனுப்பும் ஒவ்வோர் ஆணையும் பாவமாகிவிடும் அல்லவா? இல்லை என்று வாதிடுவோர், அச்சொல் போர்க்காலத்தில் ஊரூராகப் பெயர்த்து வண்டியில் அடைத்துக் கொண்டுபோன கொடுமையைக் குறிக்கும்; விசாரித்து, மேல்முறையீட்டுக்கு இடங்கொடுத்து, சட்டப்படி ஒருவனை வெளியேற்றுவது வேறு என்கிறார்கள். மற்றையோர், அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது என்கிறார்கள். தமிழிலோ நமக்கு ‘நாடுகடத்தல்’ என்னும் ஒரே சொல்தான் உள்ளது. அரசனால் துரத்தப்பட்டவனுக்கும் அது, விசா முடிந்த மாணவனுக்கும் அது, பிறநாட்டுக் குற்றவாளியை அந்நாட்டிடம் ஒப்படைப்பதற்கும் சில பத்திரிகைகளில் அதுவே. ஒழுக்கநூலார் நூறு பக்கம் எழுதிப் பிரித்துக் காட்டும் வேறுபாட்டை ஒரு மொழிபெயர்ப்பாளன் ஒரு நொடியில் அழித்துவிடக் கூடும். நானும் அழித்திருக்கிறேன்.

சொல்லின் கொடுமைக்கு நம் பாக்கு நீரிணையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. தென்னிந்தியக் கரையிலிருந்து இரவில் இலங்கைக்குச் சென்ற தோணி ‘கள்ளத்தோணி’ எனப்பட்டது. நாளடைவில் அச்சொல் தோணியை விட்டு மனிதன்மேல் ஏறிற்று. அரசாங்கமே மண்டபம் முகாமில் வைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து, கப்பலேற்றி அழைத்துச் சென்ற தோட்டத் தொழிலாளியின் பேரனையும் ‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. பாப்பரசர் ‘நாடிழந்த குடும்பம்’ பற்றி எழுதிய அதே 1952-இல், இலங்கை அரசு இந்தியாவிலிருந்து வருவோரைத் தடுக்க ‘ஆபரேஷன் மாண்டி’ என்னும் இராணுவ நடவடிக்கையைத் தொடங்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கிட்ட அந்த ஒப்பந்தத்தைப் பற்றி அம்மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் பக்கம் நின்று பேசிய குருமாருள் இயேசு சபையைச் சேர்ந்த பவுல் காஸ்பர்ஸ் அடிகள் குறிப்பிடத்தக்கவர். 1972-இல் கண்டியில் அவர் நிறுவிய ‘சத்யோதய’ நிலையம் சிங்களரும் தமிழரும் கூடி மலையகத் தொழிலாளர்க்காக உழைத்த இடமாகும். அவர் கூறியதும், நுணுகிப் பார்த்தால், ஒரு குருவின் அபிப்பிராயமே. 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றிய பின், அவர் கருத்தை மிகை என்று சொல்வாரில்லை.

பிறகு தோணிகள் எதிர்த்திசையில் வந்தன. 1983 ஜூலைக் கலவரம் முதல் 2012 வரை 3,00,000-க்கு மேற்பட்டோர் இலங்கையிலிருந்து தமிழகம் வந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வந்து இறங்கியது அதே மண்டபம் முகாமில். அகதிகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1951-ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவும் இல்லை. 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம், பயண ஆவணமின்றி வந்தவர் அனைவரையும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று ஒரே சொல்லில் அடக்கி, பதிவு மூலம் குடியுரிமை பெறும் வழியையும் அடைத்தது. குண்டுமழைக்குத் தப்பி வந்தவளும் அச்சொல்லுக்குள் அடங்குவாள். 2004 டிசம்பர் 3-க்குப் பின் அவளுக்கு இந்த மண்ணில் பிறந்த குழந்தையும், தந்தை இந்தியராகவே இருந்தாலும், பிறப்பால் குடிமகன் அன்று. 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏற்கவேண்டியிருந்த மலையக வம்சத்தாரும் முகாம்களில் இருக்கிறார்கள் என்பது இதில் மிகவும் உறுத்தும் செய்தி. 1980-இல் பேத்ரோ அருப்பே அடிகள் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி நிறுவனத்தார், முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்புச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

2019-இல் வந்த திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்க்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. ஆகவே முகாமிலுள்ள இந்துவுக்கும் கத்தோலிக்கனுக்கும் அதனால் பயனில்லை. கிறிஸ்தவர்க்கு இடமளிக்கும் சட்டத்தைக் குருமார் போற்றுவார்கள் என்று எதிர்பார்த்தவரும் உண்டு. ஆனால் அப்போது பம்பாய் உயர்மறைமாவட்டத் தலைவராக இருந்த கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், குடியுரிமைக்கு மதம் அளவுகோலாதல் கூடாது என்று கருத்துரைத்தார். தம் மக்களுக்கு ஆதாயமான இடத்தில் ஒருவர் எதிர்த்துப் பேசுவதற்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். இது என் சொந்தக் கணக்கு. திருச்சபைச் சட்டத்தில் இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்திருக்கிறது. சிறைக்கு அஞ்சவேண்டியதில்லை, குடியுரிமை வரவில்லை. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்கள் இந்தத் தேதிக்கு அப்பாற்பட்டவர்கள். தேதி எதுவாக இருக்கவேண்டும் என்பதை எந்தச் சுற்றுமடலும் சொல்லாது. அது அரசாங்கமும் மக்களும் விவேகத்தால் தீர்க்கவேண்டியது. ஆனால் அந்தத் தேதிக்கு மறுநாள் வந்தவளும் மாண்புடையவள் என்பது தேதியைப் பொறுத்ததன்று; அவ்விஷயத்தில் கத்தோலிக்கன் ஒருவன் ‘இது அச்சனின் அபிப்பிராயம்’ என்று நழுவிவிட முடியாது. நண்பருக்கு நான் கொடுத்த விடை இதுதான். அவர் அதைத் தங்கைக்கு எழுதினாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பதில் அவர் வேறொன்று கேட்டார்: “கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட்டு வேண்டுமா?” வேண்டாம். 1974 ஜூனில் இரு நாடுகளும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்குச் சென்று வரலாம். அதற்கு இலங்கையின் பயணச் சீட்டோ விசாவோ தேவையில்லை என்கிறது. போர்க்காலத்தில் தடைப்பட்ட அந்தோனியார் திருவிழா இப்போது மீண்டும் நடந்து வருகிறது. இராமேஸ்வரத்திலிருந்து பெயர்ப்பட்டியலும் அடையாள அட்டையும் சரிபார்த்துப் படகுகள் புறப்படுகின்றன, யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகின்றன. இரண்டு நாள், இரு கரையாரும் ஒரே மணலில் படுத்துறங்கி, ஒரே திருப்பலி காண்கிறார்கள். தீவில் குடிநீர் கிடையாது. ஆகையால், தேர் சுற்றி வந்து கொடி இறங்கியதும், வந்தவர்கள் எல்லோரும் அவரவர் படகில் ஏறிவிடுகிறார்கள்.